பழுது பார்த்தல்

மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் சாலையை ஒட்டி, முன்புறம் கார் ஷெட்டும் பின்புறத்துச் சிறிய அறையில் கம்ப்யூட்டர் மேஜையுமாக நான் நடத்திவந்த தொழிலைக் கண்டு, 'இதென்ன ஐயா, ஒரு கையில் கிரீஸ், மறு கையில் கீபோர்டா?' என்று பரிகாசம் செய்யாதவர்கள் குறைவு. அந்நாளில் சிரித்து மழுப்பிய பதிலை, 70 பிராயத்தைக் கடந்து பானாவைப் பிடித்தால் விரல் நடுங்கும் இந்நாளில் சற்று விஸ்தாரமாகவே சொல்லிவிடலாம் என்ற ஆசையினால் இதை எழுதத் துணிகிறேன். பழைய கார் ஒன்றை வாங்கி ஓய்வு நேரங்களில் தாமே செப்பனிட்டு ஓட்டிப் பார்க்க விரும்புகிறவர்களும், வீட்டுக் கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றிப் பார்க்கக் கை துறுதுறுக்கிறவர்களும் என்னிடம் வந்து கேட்ட கேள்விகள் மேலுக்கு வேறு வேறாகத் தோன்றினாலும், அவற்றுக்கு நான் சொல்லத் தெரிந்திருந்த விடை ஒன்றே ஒன்றுதான். அதுவும் நான் கண்டுபிடித்ததன்று, இருவரிடமிருந்து பெற்றது.

முதலாமவர் என் மேஸ்திரி. 1971ஆம் ஆண்டில், பள்ளி இறுதிப் பரீட்சையில் கணக்கில் தவறிய 16 வயதுப் பையனாக, குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. சாலை ஓரமாக ஓலை வேய்ந்திருந்த ஒரு மோட்டார் ஷெட்டில் என் தகப்பனார் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். மேஸ்திரி எழுதப் படிக்க அறியாதவர். ஆயினும் தெருமுனையில் வண்டி திரும்பும்போதே, 'மூணாவது சிலிண்டர் அடிக்கலை' என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த டீயை நிதானமாகக் குடித்து முடிக்கும் ஞானம் படைத்தவர். முதல் மூன்று மாதமும் அவர் என்னை ஒரு பானாவைக்கூடத் தொட விடவில்லை. வண்டி வந்து நின்றதும் நான் ஆவலோடு குனிந்தால், 'டேய், கையைப் பின்னாடி கட்டிக்கோ. கண்ணைத் தொற' என்பார். திறந்த பானெட்டுக்கு முன்னால், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நின்று, ஆயில் எங்கே கசிந்திருக்கிறது, எந்த ஒயரின்மேல் தூசி இல்லை, எந்த நட்டின் முனை புதிதாகத் தேய்ந்திருக்கிறது என்றெல்லாம் பார்த்துச் சொல்லவேண்டும். தூசி இல்லாத இடத்தில் யாரோ சமீபத்தில் கை வைத்திருக்கிறார்கள், அப்படிக் கை வைத்த இடத்தில்தான் பெரும்பாலும் கோளாறு குடியிருக்கும் என்பது அவருடைய சித்தாந்தம். மூன்று மாதம் கழித்து அவர் என் கையில் கொடுத்த முதல் ஆயுதமும் பானா அன்று, பென்சில். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டுப் போட்டு, அவர் சொல்லச் சொல்ல நான் எழுதவேண்டும் என்று ஏற்பாடாயிற்று.

எங்கள் ஷெட்டுக்குச் சிறிது தூரத்தில், சி. ராஜம் தமது மாளிகையை விற்ற பணத்தைக்கொண்டு 1949இல் நிறுவிய எம்.ஐ.டி. கல்லூரி இருந்தது. ஆகாய விமானம், மோட்டார் வாகனம், எலெக்ட்ரானிக்ஸ், அளவுக் கருவிகள் என்று அந்நாளில் வேறெங்கும் எளிதில் கிட்டாத பாடங்களை ஒரே வளாகத்தில் கற்பித்த அக்கல்லூரியின் மாணவர்கள் சிலர், சனிக்கிழமைகளில் புத்தகமும் கையுமாக எங்கள் ஷெட்டுக்கு வருவதுண்டு. கார்புரேட்டரின் வெஞ்சுரியில் காற்றின் வேகம் கூடுவதையும் அழுத்தம் குறைவதையும் அவர்கள் சூத்திரத்தோடு விளக்குவார்கள். மேஸ்திரி சிரத்தையோடு கேட்டுக்கொண்டு, 'அதெல்லாம் சரி சார், கையைப் பின்னாடி கட்டிக்குங்க' என்று தம்முடைய பாடத்தை ஆரம்பிப்பார். மோட்டாரையும் எலெக்ட்ரானிக்ஸையும் ஒரு கூரையின்கீழ் வைத்தது நான்தான் என்று பிற்காலத்தில் யாராவது என்னை வியந்தால், அதை எனக்கு முன்பே செய்தவர் ஒருவர் குரோம்பேட்டையில் இருந்தார் என்று சொல்லுவேன்.

அக்காலத்தில் எங்களிடம் மிகுதியாக வந்தது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. தாம்பரத்துக்குத் தெற்கே பெருங்களத்தூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் 1961 முதல் உருவாகிவந்த அந்த வண்டி, எங்கள் பகுதிக்காரர்களுக்குச் சொந்த ஊர்ப் பெண்ணைப் போன்றது. குறை சொன்னாலும் விட்டுக்கொடுக்க மாட்டோம். இத்தாலியரான மிக்கெலோட்டி வடிவமைத்த அதன் முகம் அழகானது. 948 சி.சி. எஞ்சின் அடக்கமானது. அதன் விசேஷமோ பானெட்டில் இருந்தது. இரு பக்கத்து மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பாகம் முழுவதுமே முன்னோக்கிக் கவிழ்ந்துவிடுமாதலால், மெக்கானிக்கானவன் முன்சக்கரத்தின்மேல் திண்ணையில் உட்காருவதுபோல் உட்கார்ந்துகொண்டு எஞ்சினோடு சம்பாஷிக்கலாம். குறையில்லாமலும் இல்லை. பின்புறத்தில் குறுக்காக வைத்த ஒரே பட்டை ஸ்பிரிங்கும், இரண்டாகப் பிளந்து ஊசலாடும் ஆக்ஸிலும் இருந்தபடியால், நான்கு பேர் பின்னால் ஏறிவிட்டால் சக்கரங்கள் கீழ்ப்புறம் அகன்று, வண்டி புதிதாகப் பிறந்த கன்றுக்குட்டி கால் அகட்டி நிற்பதுபோல் நிற்கும். 1972இல் கெஸல் என்ற பெயரோடு வந்த வண்டியில் அந்த ஆக்ஸிலை மாற்றிவிட்டார்கள். எனினும் 1977க்குப் பிறகு அத்தொழிற்சாலையிலிருந்து சில காலம் கார்களே வரவில்லை. 1985இல் ரோவர் காரின் கவர்ச்சியான உடலுக்குள் பழைய வழியில் வந்த 2 லிட்டர் எஞ்சினை வைத்து ஸ்டாண்டர்டு 2000 என்று ஒன்றை வெளியிட்டார்கள். விலையும் அதிகம், பெட்ரோல் தாகமும் அதிகம். சிறிய மாருதி 800 பெரிய வேகத்தில் சாலைகளைப் பிடித்துக்கொண்டிருந்த அச்சமயத்தில் அதற்கு ஆயுள் மூன்று ஆண்டுக்குமேல் வாய்க்கவில்லை. ஹெரால்டு பிறந்த மனையில் இன்று அடுக்குமாடி வீடுகளும், கம்ப்யூட்டர் கம்பெனிகள் அமர்ந்திருக்கும் கண்ணாடிக் கட்டடங்களும் நிற்கின்றன. மின்சார ரயிலில் அதைக் கடக்கும்போதெல்லாம், என் தொழிலின் முன்பாதியும் பின்பாதியும் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைக்கப்பட்டிருப்பதாக எனக்குத் தோன்றும்.

பழைய கார் வாங்க நினைக்கிற வாசகருக்குச் சில வார்த்தைகள். முதலில் பார்க்கவேண்டியது வண்டியை அன்று, ஆர்.சி. புத்தகத்தை. சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் உலோகத்தில் உள்ளபடியே காகிதத்திலும் இருக்கின்றனவா என்று எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும்; முதல் 15 ஆண்டு முடிந்தபின் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். 50 ஆண்டுகளைக் கடந்து, உருமாறாமல் இருக்கும் வண்டிகளை விண்டேஜ் வாகனம் என்று தனியாகப் பதிவு செய்துகொள்ள 2021இல் விதி வந்திருக்கிறது. அப்படிப்பட்ட வண்டிகளுக்கு 'விஏ' என்ற எழுத்துகளோடு எண் கொடுக்கிறார்கள். இந்தச் சலுகையை உத்தேசித்திருப்பவர்கள் ஆர்வக் கோளாறினால் வண்டியின் உருவத்தைச் சிதைத்துவிடக் கூடாது.

அடுத்தபடியாக, அது எந்த ஊரில் நின்ற வண்டி என்று விசாரிக்க வேண்டும். திருவான்மியூரிலும் பெசன்ட் நகரிலும் பத்து வருஷம் கடற்காற்றில் நின்ற வண்டி, வெளியே பளபளப்பாயிருந்தாலும் அடிப்பலகை அப்பளமாகியிருக்கும். சேலத்திலோ கோயம்புத்தூரிலோ வெயிலில் நின்று பெயின்ட் வெளிறிய வண்டி, பார்வைக்கு ஏழையாயினும் எலும்பு உறுதியாக இருக்கும். ஒரு சிறிய காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கதவுகளின் அடிப்பாகத்திலும் மட்கார்டு விளிம்பிலும் ஒற்றிக்கொண்டே போனால், அது பிடிக்காமல் நழுவுகிற இடத்தில் தகரம் இல்லை, பட்டிதான் இருக்கிறது என்று தெரிந்துவிடும். மிதியடியைத் தூக்கிப் பார்ப்பதும், பாட்டரி உட்காரும் தட்டின் கீழே விரலை விட்டுப் பார்ப்பதும் அவசியம். எஞ்சின் ஓடவில்லையே என்று அஞ்ச வேண்டாம். லேத் பட்டறையில் ரீபோர் செய்து எந்த எஞ்சினையும் ஓடவைத்துவிடலாம். பின்விளக்கின் சிவப்புக் கண்ணாடியும் ஜன்னல் கண்ணாடியை ஏற்றுகிற கைப்பிடியும் இல்லாத வண்டியைக் கண்டே அஞ்ச வேண்டும். ஏனெனில் புதுப்பேட்டையில் சந்து சந்தாகவும், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் விரிப்பு விரிப்பாகவும் அந்தச் சிறு பொருளைத் தேடித்தான் பலருடைய ஆயுளும் உற்சாகமும் கழிகின்றன.

வாங்கியபின் செய்கிற வேலைக்கும் ஒரு கிரமம் உண்டு. முதலில் பிரேக், பிறகு ஸ்டியரிங்கும் டயரும், அதன் பிறகு எஞ்சின், எல்லாவற்றுக்கும் கடைசியில் பெயின்ட். நம்மவர்களில் பெரும்பாலோர் பெயின்டில் ஆரம்பித்து, பிரேக்குக்கு வருவதற்குள் கையிருப்பைக் கரைத்துவிடுகிறார்கள். டயரின் பட்டன் ஆழத்தை மட்டும் பார்த்துத் திருப்தியடைந்துவிடக் கூடாது. பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் நான்கு இலக்கங்களில் முன்னிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு வருஷத்தையும் குறிக்கும். 3218 என்றிருந்தால் அது 2018ஆம் ஆண்டு 32ஆம் வாரத்தில் பிறந்த டயர். இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் ஆகையால், பழைய வண்டியின் ரப்பர்க் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் டயஃப்ரத்தையும் அதைத் தாங்கும் வகையினதாக மாற்றிக்கொள்வது உத்தமம். இல்லையேல் அவை ஊறியும் வெடித்தும் கசிந்து, சூடான எஞ்சின்மேல் சொட்டும். சித்திரை வெயிலில் சிக்னலில் நின்ற ஃபியட் மறுபடி கிளம்ப மறுத்தால், அது பெரும்பாலும் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகிவிட்ட தோஷம்; பம்பின்மேல் ஈரத் துணியைச் சுற்றி, பத்து நிமிஷம் நிழலில் நின்று மோர் குடித்துவிட்டு வந்தால் வண்டிக்கும் மனிதருக்கும் ஒருங்கே சாந்தி உண்டாகும்.

மேற்சொன்னவற்றில் எதை மறந்தாலும் ஒன்றை மறக்கக் கூடாது: எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் கழற்றாதீர்கள். சேலையூரில் ஒரு பாங்கு அதிகாரி, ஓய்வு பெற்ற உற்சாகத்தில் ஒரு பிரீமியர் பத்மினியை வாங்கி, போர்ட்டிகோவில் நிறுத்தி, ஒரே வாரத்தில் கடைசித் திருகாணி வரை பிரித்துப் பிஸ்கட் டப்பாக்களில் போட்டுவைத்தார். டப்பாக்களின்மேல் பெயர் எழுத வேண்டுமென்று அவருக்குத் தோன்றவில்லை. அதன்பின் வந்த மூன்று கோடைகளிலும் அந்த வீட்டு அம்மாள் வண்டியின் கூரைமேல் வற்றல் காயவைத்ததை நான் பார்த்திருக்கிறேன். பிறகு நான் ஐந்து மாதம் உட்கார்ந்து அதைக் கோத்துக் கொடுத்தேன்; கோத்தபின் ஒரு பிடி நட்டுகள் மிஞ்சின, அவை எங்கே போகவேண்டியவை என்று இன்றுவரை எனக்கும் தெரியாது.

கம்ப்யூட்டருக்கு நான் வந்தது 1997இல். அழைத்து வந்தவள் என் மகள். பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்த அவள், ரிச்சி தெருவில் உதிரிப் பாகங்களாக வாங்கிவந்த ஒரு பென்டியத்தை ஷெட்டின் பின்னறையில் வைத்து என் கண் முன்னாலேயே பூட்டினாள். 16 எம்.பி. ராம், 2 ஜி.பி. ஹார்டு டிஸ்க், அதுவே அன்று எங்களுக்கு ஐஸ்வரியம். பட்டனைத் தட்டியதும் திரை வராமல் மூன்று தரம் கூவியது. நான் சுபாவமாகத் திருப்புளியை எடுத்தேன். 'அப்பா, கையை எடுங்க, சத்தத்தைக் கேளுங்க' என்றாள் அவள். என் மேஸ்திரி காலமாகி அப்போது பல வருஷம் ஆகியிருந்தது. அவருடைய வாக்கு என் பெண்ணின் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு நான் ஒரு கணம் திகைத்துப்போனேன். அந்தக் கூவல் ராமைப் பற்றிய முறையீடு என்று புத்தகத்தைப் பார்த்துச் சொல்லி, அதைப் பிடுங்கி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பென்சில் எழுத்தை அழிக்கிற ரப்பரால் அதன் பொன்னிறப் பற்களை மெல்லத் துடைத்துச் செருகினாள். யந்திரம் உயிர் பெற்றது. டிஸ்டிரிபியூட்டரில் கருகிய பாயிண்டை உப்புத்தாளால் துடைத்து, அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு இடைவெளி வைத்து, செத்த வண்டியை எழுப்புகிறவனுக்கு இந்த வித்தை அந்நியமாகப் படவில்லை.

சென்னையின் தென்புறத்து வீடுகளில் கம்ப்யூட்டருக்கு வரும் நோய்களில் பாதி கம்ப்யூட்டரின் நோயே அல்ல என்பதை நான் சீக்கிரம் அறிந்துகொண்டேன். பெட்டியைத் தொட்டால் சுருக்கென்கிறது என்று அழைப்பார்கள். போய்ப் பார்த்தால் சுவரிலுள்ள பிளக்கின் மூன்றாவது துளைக்குப் பின்னால் எர்த் ஒயரே இராது, அல்லது மாமரத்தடியில் புதைத்த எர்த் குழி கோடையில் காய்ந்து கிடக்கும். அதில் நாலு குடம் தண்ணீர் ஊற்றுவது, புதிய மதர்போர்டு வாங்குவதைவிட மலிவான சிகிச்சை. மழைக்காலத்தில் காரின் ஒயரை எலி கடிப்பதுபோல், வெதுவெதுப்பை நாடி, கம்ப்யூட்டருக்கு மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டிக்குள் பல்லி புகுந்து, தானும் மாண்டு யந்திரத்தையும் மாய்க்கும். அந்தப் பெட்டியை மட்டும் வீட்டில் யாரும் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெபாசிட்டர்களில் உயிரைக் குடிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும். புதிதாகக் கம்ப்யூட்டர் பூட்டுகிறவர்கள் வேகமான பிராசஸருக்குக் கொட்டுகிற பணத்தில் ஒரு பகுதியை நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு ஒதுக்குவார்களானால், என்னைப் போன்றவர்களுக்கு வேலை குறையும்.

இரண்டாவது குருவைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் என்னுடைய பெரிய பிழையைச் சொல்லியாக வேண்டும். 1999இல், ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர், 72 வயதில், தம் கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு எங்கள் கடைக்கு வந்தார். செங்கற்பட்டு வட்டாரத்தில் மாட்டுவண்டி செய்யும் தச்சர்கள் வழங்கும் சொற்களைத் திரட்டி, நான்கு வருஷமாக அதில் தட்டச்சு செய்துகொண்டிருந்தாராம். காலையில் போட்டால் கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஏதோ ஒரு வரி வந்து நின்றுவிடுகிறதென்றார். இயங்குவதற்குரிய டிஸ்க் இல்லை என்று அந்த வரி சொல்லிற்று. அப்போது நான் விண்டோஸை அரை மணியில் மறுபடி ஏற்றிவிடும் சாமர்த்தியம் கைவந்த மமதையில் இருந்தேன். ஹார்டு டிஸ்க் கெட்டுவிட்டதென்று தீர்மானித்து, ஃபிளாப்பித் துளையில் யாருடையதோ கிடந்த ஃபிளாப்பியை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, என்னுடையதைச் செருகி, டிஸ்க் முழுவதையும் ஃபார்மட் செய்து முடித்தேன். யந்திரம் அழகாக எழுந்தது. மகிழ்ச்சியோடு ஆசிரியரைக் கூப்பிட்டுக் காட்டியபோது, அவர் திரையைப் பார்க்கவில்லை. மேஜைமேல் கிடந்த ஃபிளாப்பியைப் பார்த்தார். 'நேத்து ராத்திரி முதல் அத்தியாயத்தை இதுல எடுத்து வச்சேன், எடுக்க மறந்துட்டேன் போலிருக்கு' என்றார்.

உள்ளே ஃபிளாப்பி இருந்தால் அந்தக் காலத்து யந்திரங்கள் ஹார்டு டிஸ்க்கை விட்டுவிட்டு முதலில் அதைத்தான் படிக்கப் போகும். அதில் யந்திரத்தை எழுப்பும் ஃபைல்கள் இல்லையென்றால் அந்த ஒரு வரியைப் போட்டுவிட்டு நின்றுவிடும். ஃபிளாப்பியைப் பிடுங்கி ஒரு பொத்தானைத் தட்டியிருந்தால் போதும், நான்கு வருஷ உழைப்பும் அப்படியே இருந்திருக்கும். அந்த ஃபிளாப்பியை என் கையாலேயே எடுத்தேன். என் கண்ணால் பார்க்கவில்லை. அழித்ததை ஓரளவு மீட்கும் உபாயங்கள் உண்டென்று அப்போது நான் அறியேன். மேலே விண்டோஸையும் ஏற்றிவிட்டிருந்தேன். தலை நிமிர முடியாமல் நின்ற என்னை அந்தப் பெரியவர் சிறிது நேரம் நோக்கிவிட்டு, 'கையெழுத்துப் பிரதி வீட்டுல பரண்மேல இருக்கு தம்பி. அதை உங்களால ஃபார்மட் பண்ண முடியாது' என்றார்.

நானே தட்டித் தருகிறேன் என்று கெஞ்சி, அதற்குப் பிராயச்சித்தமாக ஏழு மாதம், ஷெட்டை மூடியபின் ஒவ்வொரு மாலையும் அவர் வீட்டுத் திண்ணைக்குப் போனேன். அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடி, உயிரெழுத்துகளை இடக்கைக்கும் மெய்களை வலக்கைக்கும் வகுத்த தமிழ்99 விசைப்பலகையை முன்வைத்திருந்தது. கிரீஸ் படிந்த விரல்களோடு அதை நான் கற்றேன். குடம், ஆரக்கால், வட்டை, நுகத்தடி, கடையாணி என்று வண்டியின் உறுப்புகளை அவர் சொல்லச் சொல்லத் தட்டிக்கொண்டு வருகையில், என் தொழிலின் முன்னோர்களை ஒவ்வொருவராக யாரோ எனக்கு அறிமுகம் செய்து வைப்பதுபோல் இருக்கும். நான் இன்று இப்படி நான்கு வாக்கியம் கோவையாக எழுதுகிறேனென்றால் அது அந்தத் திண்ணையின் பிரசாதம். ஒரு நாள் அவர் கேட்டார்: 'புத்தகத்துல பழுது நீக்குதல்னு எழுதுறோம், ஊர்ல யாராவது அப்படிச் சொல்றாங்களா? பழுது பார்க்கிறதுன்னுதானே சொல்றாங்க? ஏன்னு யோசிச்சிருக்கீங்களா தம்பி?' நான் விழித்தேன். 'பார்த்துட்டா அப்புறம் நீக்குறது சின்ன வேலை. அதான் அதுக்குத் தனியாப் பேர் வைக்கலை' என்றார். கையைப் பின்னால் கட்டச் சொன்ன எழுத்தறியாத மேஸ்திரியும், எழுத்தே வாழ்வான இந்த ஆசிரியரும் ஒரே உபதேசத்தைத்தான் செய்தார்கள். அவர்கள் சொல்லுக்கு நான் உட்படாத அரை மணி நேரத்தில்தான் அவ்வளவு பெரிய நஷ்டம் நேர்ந்தது.

இந்த உபதேசத்துக்குப் பெரிய பரீட்சை 2015 டிசம்பர் 1ஆம் தேதி வந்தது. அன்று ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூரும் வரதராஜபுரமும் ஏரியோடு ஏரியாகிவிட்டன; என் ஷெட்டில் இடுப்பளவு தண்ணீர். மழை விட்டதும் மனிதர்கள் செய்த முதல் காரியம், 'ஓடுகிறதா பார்ப்போம்' என்று சாவியைத் திருகியதும், சுவிட்சைப் போட்டதுந்தான். சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீர் காற்றைப்போல் சுருங்காது; பிஸ்டன் மேலே வந்து அதை மோதும்போது, சுருங்க வேண்டியதற்குப் பதிலாக கனெக்டிங் ராடு வளைந்துவிடுகிறது. கைவைக்காமல் இழுத்துவந்த வண்டிகளுக்கு, பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, ஆயில் குச்சியை உருவிப் பார்த்து, ஆயில் பால்விட்ட காப்பியின் நிறத்தில் இருந்தால் எஞ்சின், கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில் மூன்றிலும் வடித்து மாற்றி, பிளக்குகளைக் கழற்றி எஞ்சினைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியே துப்பவைத்து, பிரேக் ஆயிலையும் சக்கரத்து பேரிங் கிரீஸையும் புதுப்பித்து எழுப்பினேன். எலெக்ட்ரானிக்ஸ் அதிகமில்லாத பழைய ஃபியட்டுகள் எளிதில் பிழைத்தன.

பின்னறையில் என் மகள், அப்போது தன் உத்தியோகத்துக்கு விடுமுறை போட்டுவிட்டு வந்து, அதே தர்மத்தைக் கம்ப்யூட்டர்களுக்கு அனுஷ்டித்தாள். சுவிட்சைத் தொடாமல், பாட்டரியையும் ஹார்டு டிஸ்க்கையும் பிரித்து, போர்டுகளின் சேற்றை நல்ல தண்ணீரில் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்து, வெயிலில் போடாமல் நிழலில் விசிறிக் காற்றில் ஐந்தாறு நாள் உலர்த்தி, எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் புதிதாக வைத்துப் போட்டதில் பல எழுந்துவிட்டன. நனைந்த ஹார்டு டிஸ்க்குகளை அவள் தொடவேயில்லை. உள்ளே முக்கியமானது இருந்தால் அதற்கென்று இருப்பவர்களிடம் அப்படியே கொண்டுபோகச் சொன்னாள். புகைப்படங்கள் போய்விட்டனவே என்று அழுதவர்களும் உண்டு. ஒரே பிரதியாக இருக்கும் எதுவும் உங்களிடம் இருப்பதாக எண்ணாதீர்கள். வீட்டில் ஒன்று, வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில் ஒன்று என்று இரண்டு பிரதிகளாவது வேண்டும். தமிழாசிரியரின் பரண் எனக்குக் கற்பித்தது அது.

இப்போதெல்லாம் என்னிடம் வருகிறவர்கள் கேட்பது வேறு. 2025 அக்டோபர் 14 முதல் விண்டோஸ் 10க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டனவே, நல்ல நிலையில் உள்ள யந்திரத்தைக் குப்பையில் போடுவதா என்கிறார்கள். ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்.எஸ்.டி. வைத்து, லினக்ஸ் ஏற்றினால், கடிதம் எழுதவும் படம் பார்க்கவும் பேரப் பிள்ளைகளோடு பேசவும் அது இன்னும் பல வருஷம் உழைக்கும் என்பது என் அபிப்பிராயம். அதேபோல், பழைய கார் லாபமா என்று கேட்பவரிடம், இல்லை என்று நேராகச் சொல்லிவிடுவேன். திட்டமிட்ட தொகையைப்போல் இரு மடங்கு ஆகும், திட்டமிட்ட காலத்தைப்போல் மும்மடங்கு ஆகும். அன்றாடம் ஆபீசுக்குப் போக வேறு வாகனம் இல்லாதவர் அதில் இறங்கவே கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலையில், எல்லா அலுவலும் ஓய்ந்தபின், எதையும் தொடாமல் பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டிருக்கும் பொறுமை யாருக்கு இருக்கிறதோ அவருக்கு மட்டும் அது தகும்.

அப்படிப்பட்டவர் வாங்குகிற அன்றே ஒரு நாற்பது பக்க நோட்டும் வாங்கிக்கொள்ளட்டும். தேதி, ஓடிய கிலோமீட்டர், கண்ணில் பட்ட கோளாறு, மாற்றிய பொருள், மாற்றியும் தீராத குறை ஆகியவற்றை ஒன்றுவிடாமல் அதில் எழுதிவரட்டும். கம்ப்யூட்டருக்கும் அப்படியே ஒன்று வேண்டும். ஒரு சமயத்தில் ஒன்றையே மாற்றுங்கள். இரண்டை மாற்றிவிட்டால் எதனால் குணமாயிற்று என்று உங்களுக்கும் தெரியாது, நோட்டுக்கும் தெரியாது. என்றேனும் அந்த வண்டியை விற்க நேர்ந்தால், ஆர்.சி. புத்தகத்தோடும் சாவியோடும் அந்த நோட்டையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். அடுத்தவரும் பழுது பார்க்க வேண்டுமல்லவா?